ஸ்போர்ட்ஸ் காருக்குக் கோடை டயர்: வாங்கும் முன் பார்க்கவேண்டியவை

பனி விழாத ஊரில் 'கோடை டயர்' என்று தனியாக ஒன்று எதற்கு என்று கேட்பது நியாயம்தான். சென்னையிலோ மதுரையிலோ டயர் கடைக்குப் போய் அந்தப் பெயரைச் சொன்னால் கடைக்காரர் விழிப்பார். இங்கே விற்பவற்றில் பெரும்பாலானவை அந்த வகைதான். கோடை டயர், குளிர்கால டயர், எல்லாப் பருவ டயர் என்ற பிரிவினை குளிர்நாடுகளில் பிறந்தது. வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகி, சாலையைப் பிடிக்கும் தன்மையை இழக்கத் தொடங்கும். கடுங்குளிரில் உயர் செயல்திறன் டயர்களின் ரப்பரில் விரிசல்கூட விழலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். மான்ட்ரியலில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் இரண்டு செட் டயருக்கும், அவற்றை வைக்க இடத்துக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். நமக்கு அந்தச் செலவு இல்லை.

ஆனால் வெயிலைத் தாங்கும் டயரெல்லாம் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏற்ற டயர் அல்ல. குடும்பக் காரின் டயர் நீண்ட ஆயுளுக்கும் மைலேஜுக்கும் அமைதிக்குமாகச் செய்யப்படுவது. உயர் செயல்திறன் டயரில் ரப்பர் கலவை மிருதுவானது, பக்கச்சுவர் விறைப்பானது, வளைவில் பாரம் முழுவதையும் தாங்கும் வெளிப்பக்கத் தோளில் பட்டன்கள் (சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) பெரிதாக, இடைவெளி குறைவாக இருக்கும். பதிலுக்குச் சீக்கிரம் தேயும், சத்தம் போடும், குழியில் இறங்கினால் முதுகெலும்பு வரை சொல்லும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வறண்ட சாலையில் நல்ல நிறுவனங்களின் உயர்ரக டயர் எதுவானாலும், நம்மில் பெரும்பாலோரின் ஓட்டும் திறனைவிட அதன் பிடிப்பு அதிகமாகவே இருக்கும். வித்தியாசம் தெரியவருவது மழையில். ஆகவே, டயரை மழைநாளுக்காகத் தேர்ந்தெடுங்கள். மற்ற நாட்கள் தாமே சரியாகிவிடும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: போர்ஷே 718 கேமன். எஞ்சின் நடுவில், முன்னும் பின்னும் வேறு வேறு அகலத்தில் டயர், மூன்று ரிம் அளவுகள், நிறுவனத்தின் சொந்த ஒப்புதல் முத்திரை என்று டயர் வாங்குபவருக்கு வரக்கூடிய தலைவலிகள் எல்லாம் இந்த ஒரே காரில் இருக்கின்றன. உங்களுடையது வேறு கார் என்றாலும் வழிமுறை இதுவே.

முதல் படி: கார் எங்கே ஓடுகிறது?

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தை மனத்தில் வைத்து டயர் வாங்கிவிட்டு, ராஜீவ் காந்தி சாலை சிக்னல்களில் அதைத் தேய்ப்பவர்கள் உண்டு. கற்பனையை ஒதுக்கிவிட்டு, சென்ற ஓர் ஆண்டில் கார் உண்மையில் எங்கே, எவ்வளவு ஓடியது என்று எழுதிப் பாருங்கள். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர்? மழையில் எடுக்கிறீர்களா, மேகம் கறுத்தாலே மூடிபோட்டு நிறுத்திவிடுகிறீர்களா? ஏற்காடு, கொல்லிமலை போன்ற மலைப்பாதைகள் எத்தனை முறை? பந்தயத் தடத்தில் ஓட்டும் நாட்கள் உண்மையில் உண்டா?

இதில் கிலோமீட்டர் கணக்கு பலர் நினைப்பதைவிட முக்கியம். வீட்டில் இரண்டாவது, மூன்றாவது வாகனமாக நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். அந்த ஓட்டத்தில் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பருக்கு வயதாகிவிடும். போர்ஷே டயருக்கு வைக்கும் எல்லை ஆறு ஆண்டு. அதற்குள் தேய்த்து முடிக்க வழியில்லாதவர் 'நீண்ட ஆயுள்' என்ற வாக்குறுதிக்காகப் பிடிப்பை விட்டுக்கொடுப்பதில் பொருளில்லை. தினமும் அலுவலகத்துக்கு அதே காரில் போகிறவருக்குக் கணக்கு நேர்மாறு.

இரண்டாம் படி: கதவோரத்து ஒட்டியைப் படியுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டியிலோ, கார் கையேட்டிலோ ஒப்புதல் பெற்ற டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து வாங்காதீர்கள். முந்தைய உரிமையாளர் எதை மாட்டினார் என்று யாருக்குத் தெரியும்?

19 அங்குல ரிம் கொண்ட கேமனின் முன் டயரில் 235/40 இஸட்ஆர் 19 92ஒய் என்று இருக்கும். அகலம் 235 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், அதாவது 94 மில்லிமீட்டர். இஸட்ஆர் என்பது அதிவேகத்துக்கான ரேடியல் டயர் என்ற குறி; 19 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 92 என்பது பாரக் குறியீடு. ஒரு டயர் 630 கிலோ தாங்கும். கடைசி எழுத்து வேகக் குறியீடு: 'வி' என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர், 'டபிள்யூ' 270, 'ஒய்' 300.

நம் விரைவுச்சாலைகளிலேயே எல்லை 120தான், 'ஒய்' எதற்கு என்று கேட்கலாம். 718 கேமனின் உச்ச வேகம் 275. 'டபிள்யூ' 270இல் நின்றுவிடுகிறது. கார் எட்டக்கூடிய வேகத்தைத் தாங்காத டயரை மாட்டினால் தயாரிப்பாளரின் ஒப்புதல் போய்விடும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு. வேகக் குறியீடு என்பது உண்மையில் வெப்பத்தைத் தாங்கும் திறன். மே மாதத்துத் தார்ச்சாலை 60 டிகிரி வரை கொதிக்கும் ஊரில் அந்தக் கையிருப்பு வீணாகாது.

அதே அளவில் 'எக்ஸ்எல்' என்று குறித்த டயரும் வரும். பாரக் குறியீடு 96, அதாவது 710 கிலோ. காரின் தேவைக்கு மேலே போகலாம், கீழே போகக் கூடாது. ஆனால் எக்ஸ்எல் டயர் அந்தக் கூடுதல் பாரத்தைத் தாங்குவது கூடுதல் காற்றழுத்தத்தில்தான். விறைப்பும் சற்று அதிகம்.

இனி ரிம். ஷோரூமில் 20 அங்குலம் கண்ணைப் பறிக்கும். கணக்கைப் பாருங்கள். முன் சக்கரத்தில் 18 அங்குலத்துக்கு 235/45, 19க்கு 235/40, 20க்கு 235/35. டயரோடு சேர்ந்த மொத்த விட்டம் முறையே 668.7, 670.6, 672.5 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் வேகமானி குழம்பாது. மாறுவது பக்கச்சுவர்: 18இல் 106 மில்லிமீட்டர், 20இல் 82. குழிக்கும் ரிமுக்கும் நடுவே நிற்பது அந்த ரப்பர்தான். அதில் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டரைக் கழித்துவிட்டு, மழைக்குப் பின் நீர் தேங்கி ஆழம் தெரியாத குழிகள் உள்ள சாலையில் ஓட்டினால், பக்கச்சுவர் புடைப்பதும் ரிம் வளைவதும் எப்போது என்பது மட்டுமே கேள்வி. நம் சாலைகளுக்கு 18 போதும், 19 அழகு, 20 ஆடம்பரம். ரிம் மாற்றுவதாக இருந்தால், தயாரிப்பாளர் அந்தக் காருக்கே கொடுக்கும் அளவுகளுக்குள் மட்டும் மாறுங்கள்; வெளியே போனால் உரசல், பதிவுச் சான்று, காப்பீடு என்று சங்கிலியாகத் தொல்லை வரும்.

மூன்றாம் படி: எந்த ரகம்?

மூன்று ரகங்களாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

முதலாவது, சாலைக்கான உயர் செயல்திறன் டயர். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், பைலட் ஸ்போர்ட் 5, கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா ஸ்போர்ட், பிரெல்லி பி ஸீரோ ஆகியவை இந்தக் கூட்டம். பத்தில் ஒன்பது பேருக்கு இங்கேயே தேடல் முடிந்துவிடும். இவற்றுக்குள்ளும் சாய்வு உண்டு. பைலட் ஸ்போர்ட் 5, அசிமெட்ரிக் 6 இரண்டும் அன்றாட ஓட்டத்தின் பக்கம் சாய்ந்தவை. 4எஸ், ஸ்போர்ட்கான்டாக்ட் 7 இரண்டும் கூர்மையின் பக்கம்.

இரண்டாவது, சாலையிலும் ஓட்டலாம் ஆனால் பந்தயத் தடத்துக்கே பிறந்தவை: பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் ஏ052 போன்றவை. மூன்றாவது இன்னும் ஒரு படி மேலே: மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2, பிரெல்லி பி ஸீரோ டிரோஃபியோ ஆர். போர்ஷே ஜிடி3 போன்ற கார்களின் வேக சாதனைகளில் அடிபடும் பெயர்கள் இந்த மூன்றாம் ரகத்தைச் சேர்ந்தவை என்பதால் இவற்றுக்கு ஒரு மயக்கம் உண்டு. ஆனால் இவை சூடேறிய பிறகே முழுப் பிடிப்பைத் தரும். வரிப்பள்ளம் குறைவு என்பதால் தேங்கிய நீரில் வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும். நவம்பர் மாதத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேமனின் 265 மில்லிமீட்டர் அகலப் பின் டயரோடு, கப் 2 மாட்டிய காரில் ஒரு கனமழையைச் சந்திக்க எனக்கு விருப்பமில்லை. அகலமான டயர் குறுகிய டயரைவிட எளிதில் நீர்மேல் மிதக்கும். தள்ள வேண்டிய நீர் அதிகம், வழியோ குறைவு.

பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிறவருக்கு என் யோசனை: தனி ரிம்மில் தனி டயர். ஒரே டயரில் இரண்டு வேலையும் வாங்கினால் இரண்டுமே அரைகுறையாகும்.

நான்காம் படி: எண்களை நம்பவும் சந்தேகிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்

அமெரிக்கச் சந்தைக்கும் போகும் டயர்களின் பக்கத்தில் 'டிரெட்வேர் 300, டிராக்‌ஷன் ஏஏ, டெம்பரேச்சர் ஏ' என்பதுபோல ஒரு வரி இருக்கும். டிரெட்வேர் எண் தேய்மானத்தைப் பற்றியது. டெக்சாஸில் சான் ஏஞ்சலோ ஊரைச் சுற்றிய பொதுச்சாலைகளில் 7,200 மைல், அதாவது சுமார் 11,600 கிலோமீட்டர், வாகன வரிசையாக ஓட்டி, ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டு அளப்பது அது. மாதிரி டயருக்கு 100 என்றால் 300 என்பது மூன்று மடங்கு. அளந்தபின் எண்ணை டயரில் பொறிப்பது தயாரிப்பு நிறுவனமே. ஒரு நிறுவனம் தாராளம் காட்டும், இன்னொன்று அடக்கி வாசிக்கும். எனவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இந்த எண் உதவும். வேறு வேறு நிறுவனங்களை ஒப்பிட அவ்வளவாக உதவாது. 200 என்று கண்டால் தடத்துக்கான டயர் என்றும், 300ஐ ஒட்டி இருந்தால் சாலைக்கான உயர் செயல்திறன் டயர் என்றும் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

'டிராக்‌ஷன்' என்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அது ஈரத்தரையில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் பிடிப்பு மட்டும். வளைவில் எப்படி, தேங்கிய நீரில் எப்படி என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய லேபிளில் ஈரப்பிடிப்புக்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் 'ஏ' முதல் 'இ' வரை தரம் இருக்கும், சத்தம் டெசிபலில் இருக்கும். அதில் ஈரப்பிடிப்பு 'ஏ' இல்லாத டயரை ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அதுவும் புதிய டயரை நேராக ஓட்டிப் பிரேக் பிடித்து எடுத்த தரம்தான்.

இந்த இடைவெளியை நிரப்புபவை பத்திரிகைகளும் வாகன ஓட்டிகள் சங்கங்களும் நடத்தும் ஒப்பீட்டுச் சோதனைகள். ஜெர்மனியின் ஏடிஏசி சங்கம், 'ஆட்டோ பில்ட்', 'ஆட்டோ மோட்டார் உண்ட் ஸ்போர்ட்' ஆகியவற்றின் முடிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதில் எரிபொருள் சிக்கனம், விலை, சத்தம் எல்லாம் கலந்திருக்கும். ஈரத்தில் பிரேக் தூரம், நீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம், ஈர வளைவில் நிதானம் ஆகிய மூன்றையும் தனியே பிரித்துப் படியுங்கள். சோதித்த அளவு உங்கள் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். 17 அங்குலத்தில் வென்ற டயர் 20 அங்குலத்திலும் வெல்லும் என்ற உத்தரவாதம் இல்லை. இவை பெரும்பாலும் ஐரோப்பிய வானிலையில் நடப்பவை. நம் வெயிலில் தேய்மானம் அவர்கள் சொல்வதைவிட வேகமாக இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

ஐந்தாம் படி: நிறுவன முத்திரை

போர்ஷே ஒப்புதல் தந்த டயரில் 'என்0', 'என்1' என்பதுபோல ஒரு குறி இருக்கும். பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரக் குறி, மெர்சிடிஸுக்கு 'எம்ஓ', ஆடிக்கு 'ஏஓ'. இது வெறும் ஒட்டு வேலை அல்ல. ஒரே பெயரில் விற்கும் டயர்கூட, முத்திரை உள்ளதும் இல்லாததும் கலவையிலும் உள்கட்டமைப்பிலும் வேறுபடலாம். என்0 முதல் பதிப்பு. திருத்தி மறு ஒப்புதல் பெற்றது என்1. ஒரே காரில் என்0, என்1, முத்திரை இல்லாதது என்று கலந்து மாட்டுவதைப் போர்ஷே ஏற்பதில்லை. நடு எஞ்சின் காரில் அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. பின்பிடிப்பு முன்பிடிப்பைவிடக் குறைந்தால், வளைவில் பின்பக்கம் முந்திக்கொண்டு வரும்.

வாரண்டி இருக்கும்வரை முத்திரையை விட்டு விலகாதீர்கள். வாரண்டி முடிந்த காரில் நான் கொஞ்சம் தளர்வேன். ஒப்புதல் வேலை மெதுவாக நடப்பது. முத்திரை பெற்ற டயர் சில சமயம் ஒரு தலைமுறை பின்தங்கியிருக்கும். முத்திரை இல்லாத புதிய டயர் ஈரத்தில் அதைவிட நன்றாக நிற்கிறது என்று சோதனைகள் காட்டினால், அளவும் பாரமும் வேகமும் பொருந்தினால், நான்கையும் சேர்த்தே மாற்றும் பட்சத்தில் அதை மாட்டலாம். இரண்டை மட்டும் மாற்றிவிட்டு மீதி இரண்டில் பழையதை வைத்திருப்பதற்கு இந்தத் தளர்வு பொருந்தாது.

ஆறாம் படி: கிடைக்கிறதா, எப்போது செய்தது?

பட்டியல் போட்டு முடித்ததும் இந்தியாவில் எதிர்கொள்ளும் சுவர் இது. 2020 ஜூன் முதல் புதிய டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பிரிவில் இருக்கிறது, உரிமம் வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். ஆகவே ஐரோப்பிய அட்டவணையில் நீங்கள் தேர்ந்தெடுத்த டயர் உங்கள் அளவில் இங்கே வராமலே போகலாம். வந்தாலும் முன் டயர் இருக்கும், பின் டயர் இருக்காது. பட்டன் கடைசிக் கட்டத்துக்கு வரும்வரை காத்திருக்காமல், சில மாதங்களுக்கு முன்பே இரண்டு மூன்று பெரிய கடைகளில் விசாரித்து, ஒரே நேரத்தில் நான்கும் கிடைக்கும் டயரை இறுதிசெய்யுங்கள். முதல் தேர்வு கிடைக்காவிட்டால் அதே ரகத்தில் இரண்டாவது தேர்வுக்குப் போகலாம். அளவையோ வேகக் குறியீட்டையோ சமரசம் செய்யாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் பில்லும் இல்லாமல் யாரோ தருவித்துக் கொடுக்கும் டயரை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

கடையில் டயரைக் கையில் வாங்கியதும் பக்கச்சுவரில் 'டாட்' (டி, ஓ, டி என்ற ஆங்கில எழுத்துகள்) என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முழு வரியும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். தெரியாவிட்டால் திருப்பிப் பாருங்கள். நிழலில் ஒழுங்காக வைத்திருந்த ஓராண்டு டயரில் குறையில்லை. இரண்டு ஆண்டுகளைத் தாண்டியதென்றால், அதுவும் ஆறு ஆண்டுக் கணக்கில் ஓட்டப்போகும் காருக்கு, வேறு கேளுங்கள் அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அதிகம் விற்காத பெரிய அளவுகள்தான் குடோனில் தங்கிப்போகும்.

ஏழாம் படி: மாட்டும்போது அருகிலேயே நில்லுங்கள்

பழைய டயர் கழன்று வந்ததும் அதை அப்படியே அள்ளிக்கொண்டு போக விடாதீர்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்பக்க ஓரத்தில் கைவைத்துத் தடவிப் பாருங்கள். நடு வரியில் 4 மில்லிமீட்டர் பட்டன் நன்றாக நிற்கும். உள் ஓரம் மட்டும் மொட்டையாகி, சில சமயம் கம்பி எட்டிப்பார்க்கும். கேமன் போன்ற கார்களில் பின் சக்கரங்கள் மேலே உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் அங்கேதான் அதிகம் தேய்கிறது. நின்றுகொண்டு பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அப்படித் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் புதிய டயரோடு வெளியே வராதீர்கள். அதுவும் நான்கு சக்கரங்களையும் சரிசெய்யத் தெரிந்த இடத்தில்.

'வெளிப்பக்கம்' என்று பொறித்த பக்கம் வெளியே இருக்கிறதா என்பதை நான்கிலும் பாருங்கள். டயர் மாற்றும் இயந்திரம் ரிம்மைக் கீறாமலும், டயருக்குள் இருக்கும் காற்றழுத்த உணரியை உடைக்காமலும் வேலைசெய்ய அனுபவம் வேண்டும். 19 அங்குல அலாயைத் தினமும் கையாளும் கடைக்கே போங்கள். இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவை பின்னால்தான் போக வேண்டும்; முன்னும் பின்னும் அகலம் வேறாக இருக்கும் காரில் அந்தக் கேள்வியே எழாது. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் கார் என்றால், டயர்களுக்கிடையே எவ்வளவு தேய்மான வித்தியாசம் அனுமதி என்று கையேட்டைப் பாருங்கள். மீறினால் அடிபடுவது கியர் பெட்டிப் பக்கம்.

மாட்டிய பிறகு

முதல் 200, 300 கிலோமீட்டருக்கு நிதானம் வேண்டும். டயரை வார்த்த அச்சிலிருந்து கழற்றப் பூசிய வழவழப்பு மேலே இருக்கும். அதுவரை முழுப் பிடிப்பு வராது.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, ஒட்டியில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் ஒன்றரை முதல் இரண்டு பிஎஸ்ஐ கூடும். நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்த காற்றில் நிற்பீர்கள். குறைந்த காற்றும் கொதிக்கும் சாலையும் சேர்ந்தால் டயர் வெடிக்கும் அபாயம் அதிகம்.

சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். புதிதில் 7, 8 மில்லிமீட்டர் இருந்த பள்ளம் 3க்கு வந்ததுமே நீரை வெளியேற்றும் திறன் வெகுவாகக் குறைந்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறை அளந்து, 3ஐ நெருங்கியிருந்தால் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

கடைசியாக, பஞ்சர். கேமனில் ஸ்டெப்னி கிடையாது. அடைப்புத் திரவமும் சிறிய காற்றடிப்பானும்தான். ஆணி ஏறிய துளைக்கு அது போதும், அதுவும் அடுத்த கடை வரை. பக்கச்சுவரில் கிழிந்தாலோ புடைத்தாலோ ஒட்டுப்போட ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த டயரின் கதை முடிந்தது. நடுப்பகுதித் துளையானாலும் வெளியிலிருந்து திரி செருகுவதோடு விட்டுவிடாமல், டயரைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து காளான் ஒட்டு போடச் சொல்லுங்கள். அதன்பின் அந்த டயரோடு பந்தயத் தடத்துக்குப் போகாதீர்கள். வாங்கும்போதே அளவையும் மாடலையும் தயாரித்த வாரத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால், நள்ளிரவில் விழுப்புரத்துக்கு அப்பால் நிற்கும்போது என்ன டயர் தேவை என்று தொலைபேசியில் சொல்ல உதவும்.